ஓசி சீட்டுக்காரிகள் ஏழு பேர்

பன்னீர் தெளிப்பதற்கு ஒரு பக்குவம் உண்டு. மணிக்கட்டை மட்டும் சொடுக்க வேண்டும். கையை வீசினால் வருகிறவர் முகத்தில் போய் விழும். பயந்து பயந்து தெளித்தால் செம்பின் கழுத்திலேயே நின்றுவிடும். கோட்டுக்கு ஒரு சொடுக்கு, பட்டுப் புடவைக்கு இரண்டு. இதை நான் மூன்று வருடம் படித்தேன். சான்றிதழில் என்னவோ ஆங்கில இலக்கியம் என்று போட்டிருக்கிறார்கள்.

அன்று காலையில் நான் தெளித்தது ஒரு நீலக் காட்டன் புடவைக்கு. கால் சென்டர் கம்பெனி ஒன்றிலிருந்து ஆள் எடுக்க வந்திருந்த மேடம். கழுத்தில் அடையாள அட்டை, கிராப்பு வெட்டிய தலை. ஒரு சொட்டு அவர் மூக்குக்கண்ணாடியில் விழுந்துவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. அவர் சிரித்தபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே உள்ளே போனார்.

பக்கத்தில் ஸ்டெல்லா சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். அவளுக்கு அடுத்து கலா கற்கண்டுத் தட்டோடு. மொத்தம் ஏழு பேர். ஏழு பேரும் இறுதியாண்டு. உள்ளே எங்கள் வகுப்பு முழுக்க பைலும் கையுமாக உட்கார்ந்திருந்தது. நேர்காணலுக்கு வந்தவர்களின் பட்டியலில் எங்கள் ஏழு பேர் பெயர் மட்டும் இல்லை.

வாசலில் நிற்கிறவர்கள்

தாம்பரம் தாண்டி, ரயில் பாதையை ஒட்டி இருந்தது எங்கள் கல்லூரி. பெயர் வேண்டாம். அது இன்றைக்கும் இருக்கிறது, நான்கு மாடி ஏறியிருக்கிறது, நன்றாக இருக்கட்டும்.

அப்பா நான் பத்தாவது படிக்கும்போதே தவறிவிட்டார். அஸ்தினாபுரத்தில் ஓர் அறை வீடு. அம்மா திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் ஹெல்பர். லேத்தில் கடைந்து வரும் இரும்புச் சாமான்களுக்கு அரம் வைத்துப் பிசிறு எடுக்கும் வேலை. ராத்திரி சோறு பிசையும்போது விரலில் ஏறிய இரும்புத் துணுக்கு உறுத்தும். அப்படியே தட்டை வைத்துவிட்டு ஊக்கால் குத்தி எடுப்பாள், மறுபடி பிசைவாள்.

பிளஸ் டூவில் நல்ல மார்க். கல்லூரியில் எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டணம் இல்லாத இடம் சில இருப்பதாகக் கேள்விப்பட்டு, அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். போனவள் கல்லூரி ஆபீஸ் சூப்பரண்டு சார் அறையில் சட்டென்று குனிந்து அவர் காலைத் தொட்டுவிட்டாள். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எனக்கு அந்தத் தரையின் மொசைக் புள்ளிகள்கூட இன்னும் நினைவில் இருக்கின்றன. சீட்டு கிடைத்தது.

சீட்டோடு ஒரு வழக்கமும் சேர்ந்து கிடைத்தது. கல்லூரியில் எந்த விழா நடந்தாலும் ஓசி சீட்டுப் பெண்கள் புடவை கட்டிக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். பன்னீர், சந்தனம், கற்கண்டு. விழா முடிந்ததும் நாற்காலி அடுக்க வேண்டும். தேர்வு சமயத்தில் சனிக்கிழமைகளில் வந்து விடைத்தாள் கட்டுகளுக்கு நூல் கோக்க வேண்டும். எந்தத் தாளிலும் எழுதி வைக்காத சட்டம் இது. ஆனால் ஒரு நாள் வராவிட்டால் அடுத்த பருவத்துக்குச் சலுகைக் கடிதம் வராது.

இதனால் என்ன ஆயிற்று என்றால், யார் யார் ஓசி சீட்டு என்பது கல்லூரி முழுக்கத் தெரிந்துபோனது. முதல் வருடப் பையன்கள்கூட, "இன்னிக்கு ஓசி டீம் பட்டுல வந்துகீது" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டு போவார்கள்.

எஸ் எங்கே போச்சு?

இந்த ஓசி எங்கிருந்து வந்த சொல்? எனக்கு அப்போதே அது பெரிய கேள்வி. ஒருத்தன் உன்னைக் கல்லால் அடித்தால், கல் எங்கே எடுத்தான் என்றாவது தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஓசிச் சோறு, ஓசிப் பயணம், ஓசி கிராக்கி. ஓசியில் கொடுத்தால் பினாயிலைக்கூடக் குடிப்பான் என்று பழமொழி வேறு. இத்தனை செல்வாக்கான சொல் எங்கள் நூலக அகராதியில் இல்லை. மூன்று அகராதி பார்த்தேன்.

கேன்டீன் அண்ணன் அது இந்துஸ்தானி என்று அடித்துச் சொன்னார். எந்தச் சொல்லைக் கேட்டாலும் அவர் இந்துஸ்தானி என்றுதான் சொல்வார். பிறகு எங்கோ படித்தேன், அப்புறம் பத்துப் பேர் சொல்லியும் கேட்டேன். அதுதான் உங்களுக்கும் தெரிந்த கதை. கும்பினிக்காரர்கள் நம்மை ஆண்ட காலத்தில் அவர்கள் அனுப்பும் தபாலுக்குக் கூலி கிடையாது. உறையின் மேல் 'ஆன் கம்பெனி சர்வீஸ்' என்று இருந்தால் போதும், இலவசமாகப் போய்ச் சேரும். அந்த முதலெழுத்துகளைச் சேர்த்து நம் ஜனங்கள் ஓசி ஆக்கினார்கள் என்பது கதை.

இதை ஸ்டெல்லாவிடம் சொன்னேன். தாம்பரம் சந்தையில் மீன் விற்கும் வீட்டுப் பெண். எதையும் சும்மா விடமாட்டாள். "அப்டின்னா ஓ.சி.எஸ்னுதானடி வரணும்? எஸ் எங்க போச்சு?" என்றாள். அவளே பதிலும் சொன்னாள்: "அது எஸ் ஆயிடுச்சு." அப்போதெல்லாம் நழுவி ஓடுவதற்கு எங்கள் பக்கம் எஸ் ஆவது என்றுதான் பெயர். இரண்டு பேரும் விடைத்தாள் கட்டுகளின் நடுவே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கதை உண்மையா என்று என்னைக் கேட்காதீர்கள். சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் கேட்ட நாளிலிருந்து ஒரு விஷயம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. ஓசியில் போனது துரையின் தபால். மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் ஓடியவன் ஒருவன் இருந்திருப்பானே, அவன் கால் ஓசியா? அனுபவித்தவன் சர்வீஸ் என்று எழுதிக்கொண்டான். பிற்பாடு அந்தச் சொல் எப்படியோ இறங்கி வந்து, ஒன்றும் இல்லாதவன் தலையில் உட்கார்ந்துகொண்டது.

ஸ்டாஃப்

பள்ளிக்கூட நாட்களில் எனக்கு அரசாங்க இலவச பஸ் பாஸ். பச்சை அட்டை, கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பேன். பஸ்ஸில் ஏறினால் யாராவது ஒரு பெரிய மனுஷர் ஆரம்பிப்பார்: ஓசி பாஸ் எல்லாம் எழுந்திரு, காசு குடுத்தவங்க உட்காரட்டும். நாங்களும் எழுந்துகொள்வோம்.

எங்கள் மாமா ஒருவர் அரசு பஸ்ஸில் ஓட்டுநர். விடுமுறை நாளில் எங்கள் வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் டிக்கெட் வாங்க மாட்டார். கண்டக்டர் பக்கத்தில் வந்ததும் தலையை லேசாக ஆட்டி, "ஸ்டாஃப்" என்பார். கண்டக்டர் மரியாதையாகத் தாண்டிப் போவார். ஜன்னல் ஓரம் மாமா ஜம்மென்று உட்கார்ந்திருப்பார். அது அவர் உரிமை, நான் குறை சொல்லவில்லை. ஒரே பஸ், இரண்டு பேருமே டிக்கெட் வாங்கவில்லை. அவர் ஸ்டாஃப், நான் ஓசி.

(சலூனில் காத்திருந்தபடி இந்தப் பத்திரிகையை ஓசியில் புரட்டிக்கொண்டிருக்கும் அண்ணே, உங்களுக்கும் என் வணக்கம். எழுந்திருக்க வேண்டாம், உட்கார்ந்தே படியுங்கள்.)

கல்லூரியிலும் இதே கூத்துதான். எங்கள் வகுப்பில் லாவண்யா என்று ஒரு பெண். சூப்பரண்டு சாருடைய மகள். நல்ல பெண், கேட்காமலே நோட்ஸ் தருவாள். ஒரு நாள் பேச்சுவாக்கில், தனக்கும் கட்டணம் கிடையாது, அப்பா இங்கேயே வேலை செய்வதால் ஊழியர் பிள்ளை என்று விட்டுவிட்டார்கள் என்றாள். அதற்கு ஸ்டாஃப் வார்டு என்று பெயராம். அவளை யாரும் ஓசி சீட்டு என்று சொன்னதில்லை. அவள் கையில் யாரும் செம்பைக் கொடுத்ததும் இல்லை.

ஒரு நிமிஷம்

நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்பே நாங்கள் சூப்பரண்டு சாரிடம் போய்க் கேட்டோம். பட்டியலில் எங்கள் பெயரையும் சேருங்கள் சார் என்று. கம்பெனிக்காரர்கள் கிளம்பும்வரை எங்களுக்கு வாசலில் டூட்டி என்றார். அடுத்த தடவை பார்க்கலாம் என்றார். இறுதியாண்டு மாணவிக்கு எங்கிருந்து வரும் அடுத்த தடவை? ஸ்டெல்லா முணுமுணுத்தாள். அவர் காதில் விழுந்துவிட்டது. "தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்மா" என்றார்.

இப்போது பன்னீர் தெளித்தாயிற்று, விருந்தினர் உள்ளே போயாயிற்று. கதவைச் சாத்திவிட்டார்கள். பதினோரு மணிக்கு டீ கொண்டுபோக வேண்டும், அதுவரை நாங்கள் வெளியே. கதவிடுக்கு வழியாக அந்த மேடத்தின் குரல் கேட்டது. ஒவ்வொருவரும் எதைப் பற்றியாவது ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும், அவ்வளவுதான் முதல் சுற்று.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். "ஒரு நிமிஷம்தானடி கேக்குறாங்க" என்றாள்.

எனக்கு அப்போது வந்தது தைரியம் இல்லை, கோபம். மூன்று வருடக் கோபம். செம்பைத் தரையில் வைத்துவிட்டுக் கதவைத் தள்ளினேன். பின்னால் ஸ்டெல்லா வந்தாள். அப்புறம் கலா. திரும்பிப் பார்த்தால் ஏழு பேரும் உள்ளே நிற்கிறோம், புடவையும் பூவுமாக.

சூப்பரண்டு சார் ஓடி வந்தார். மேடம் கையை உயர்த்தி, இவர்கள் யார் என்று கேட்டார். வாலண்டியர்ஸ் மேடம் என்றார் அவர். எந்த வருடம் என்று அடுத்த கேள்வி. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன், ஃபைனல் இயர், மேடம். உட்காருங்கள் என்றார். பின் வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்தோம். அந்த அரங்கில் நாங்கள் அடுக்காத நாற்காலி இல்லை. உட்கார்ந்தது அன்றுதான்.

என் முறை வந்தது. தயாரிப்பு ஒன்றும் இல்லை. வாய்க்கு வந்தது ஓசிதான். கும்பினி, தபால், மூட்டை தூக்கியவன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். கடைசியில், இந்தக் கல்லூரியில் எங்களை ஓசி என்பார்கள், ஆனால் வாசலில் நிற்பதற்கும் நாற்காலி தூக்குவதற்கும் எங்களுக்கு யாரும் எதுவும் கொடுத்ததில்லை, அப்படியானால் யார் யாரிடம் ஓசி வாங்குகிறார்கள் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். முன் வரிசையில் லாவண்யா குனிந்துகொண்டாள்.

சாயங்காலம் பட்டியல் ஒட்டினார்கள். ஸ்டெல்லாவுக்கும் கலாவுக்கும் வேலை. எனக்கு இல்லை. என் தாளில் மதர் டங் இன்ஃப்ளூயன்ஸ் அதிகம் என்று எழுதியிருந்ததாம். தாய்மொழி பாதிப்பு. எனக்கு அது இன்னும் குணமாகவில்லை. ஆகவும் வேண்டாம்.

ஏழு கையெழுத்து

அடுத்த வாரம் கடைசிப் பருவத் தேர்வு. எல்லோருக்கும் ஹால் டிக்கெட் கொடுத்தார்கள். எங்கள் ஏழு பேருடையதும் சார் மேசையில் இருக்கிறது என்றார் கிளார்க்.

சார் ஒரு தாளைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். 'கல்லூரியின் கருணையால் இலவசமாகப் படிக்கும் நாங்கள்' என்று ஆரம்பித்தது. நன்றி மறந்து நடந்துகொண்டோம், மன்னிக்கவும் என்று முடிந்தது. அடியில் ஏழு கோடு. "சேர்ந்துதானே உள்ள வந்தீங்க? ஏழு கையெழுத்தும் சேர்ந்தே வரட்டும், அப்புறம்தான் ஹால் டிக்கெட்" என்றார்.

ஆறு பேர் போட்டுவிட்டார்கள். நான் போடவில்லை. தாளைப் பார்த்தாலே கை மறுத்தது.

வெளியே மரத்தடியில் ஸ்டெல்லா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவளுக்கு வேலை கிடைத்திருந்தது, டிகிரி இல்லாவிட்டால் அது போய்விடும். அவள் வீட்டில் அந்த வேலையை நம்பி அண்ணனைக் கடலுக்குப் போகாதே என்று நிறுத்தியிருந்தார்கள். "உனக்கு ரோஷம், எனக்கு சோறுடி. போட்டுத் தொலையேன்" என்றாள். அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான். அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அவளை உள்ளே இழுத்து வந்தவள் நான். ஆனாலும் கை மறுத்தது. அன்றிரவு நான் ஒரு கெட்ட பெண்ணா என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன்.

மறுநாள் அம்மாவைக் கூட்டிவரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பன்னீர் கதையையே அவளுக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. விழாவில் எனக்கு ஏதோ பொறுப்பு கொடுக்கிறார்கள் என்று அவள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் முதல் ஷிப்ட் முடிந்து நேராக வந்தாள், அரை நாள் சம்பளம் போகக் கூடாது என்று. கையில் எண்ணெய்க் கறுப்பு அப்படியே இருந்தது.

எனக்கு ஒரே பயம்தான். மறுபடியும் அந்த மொசைக் தரையில் குனிந்துவிடுவாளோ? குனிந்தால் நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். சாருக்கும் தெரிந்திருக்கும்.

அம்மா உள்ளே போனாள். யாரும் சொல்லாமலே எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். சார் என் நன்றிகெட்ட குணத்தைப் பற்றி நிதானமாக விளக்கினார். அம்மா கடைசிவரை கேட்டாள். பிறகு அந்தத் தாளைப் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"சார், எங்க பட்டறைல ஒரு ஹெல்பரு மூணு வருஷம் நின்னா, இத்தினி வருஷம் வேலை பாத்துச்சுன்னு எழுதி சர்டிபிகேட்டு குடுப்பாங்க. எம்பொண்ணு மூணு வருஷம் உங்க வாசல்ல நின்னுகீது. அத எழுதிக் குடுங்க. அப்பால இதுல கையெழுத்து போடும்."

அது வேலை இல்லையம்மா, ஃபீஸ் இல்லாமல் படிக்கிறவர்கள் செய்கிற உதவி என்றார் சார்.

அம்மா தாளை என் கையிலிருந்து வாங்கி அவர் பக்கம் தள்ளினாள். "உங்க பொண்ணுக்கும் ஃபீஸ் இல்லைன்னு பாப்பா சொல்லுச்சு. அது எந்த வாசல்ல நின்னுச்சு சார்?"

குத்திக் காட்டுகிற குரல் இல்லை அது. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதுதான் அவரை அடித்தது என்று நினைக்கிறேன். பக்கத்து மேசையில் கிளார்க் தட்டச்சுவதை நிறுத்திவிட்டார். சார் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். ஸ்டாஃப் வார்டு என்பது மட்டும் கேட்டது. அம்மா என் பக்கம் திரும்பி, இன்னா சொல்றாரு என்றாள். அதுக்கும் ஃபீஸ் கிடையாதும்மா, பேரு வேற என்றேன்.

"பேருதான் வேறயா" என்றாள் அம்மா.

சார் மேசை இழுப்பறையைத் திறந்தார். ரப்பர் பேண்ட் போட்ட கட்டிலிருந்து ஒரு ஹால் டிக்கெட்டை உருவி மேசைமேல் வைத்தார். என்னுடையது. கூட்டிக்கொண்டு போங்கள் என்றார், எங்கள் முகத்தைப் பார்க்காமல். நான் பாய்ந்து எடுத்துக்கொண்டேன். அவர் மனம் மாறுவதற்குள் ஓடிவிட வேண்டும் என்றிருந்தது எனக்கு. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஸ்டெல்லாவும் மற்றவர்களும் நின்றிருப்பதை அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்தக் கறுப்புக் கையை மேசைமேல் வைத்தாள்.

"இன்னும் ஆறு கீது சார்" என்றாள்.